பாறையில் மோதியும் ஓடிய பைக்... புல்தாகோவை உருவாக்கிய ‘பாகோ’ புல்தோவின் கதை!

அட்வென்ச்சர் பைக் வாங்கியவர்கள் அடுத்ததாகத் தேடுகிற ஆக்சஸரிகளில் பேஷ் பிளேட் நிச்சயம் இருக்கும். இன்ஜினுக்கு அடியில் போல்ட் போட்டு மாட்டுகிற உலோகத் தகடு. சிலர் ஸ்கிட் பிளேட் என்பார்கள். மெக்கானிக்குகளுக்கு அது வெறும் அடித்தகடு. மலைப்பாதையில் ஒரு கல் எகிறி வந்து அடித்தால் இன்ஜின் தப்பிக்கும் என்பதுதான் அதை வாங்குவதற்கான காரணம்.

ஆனால் கல் எகிறி வந்து அடிப்பது வேறு; பைக்கையே கொண்டுபோய்ப் பாறை மேல் ஏற்றுவது வேறு. இரண்டாவதை ஒரு விளையாட்டாகவே ஆடுகிறார்கள். அதன் பெயர் டிரயல்ஸ். அந்த விளையாட்டுக்கான பைக் எப்படி இருக்க வேண்டும் என்று 1960-களின் நடுவில் ஒரு கம்பெனி புதிதாக யோசித்தது. அந்தக் கம்பெனியை நடத்தியவர் ஸ்பெயினின் பார்சிலோனாவைச் சேர்ந்த ஃபிரான்சிஸ்கோ சேவியர் புல்தோ. முறுக்கிவிட்ட மீசை, சட்டென்று முடிவெடுக்கிற சுபாவம், ரேஸ் என்றால் எதையும் விட்டுக்கொடுக்கிற பைத்தியம். இதுதான் அவருடைய அடையாளம்.

டிரயல்ஸ்னா என்ன?

இதில் வேகத்துக்கு வேலையே இல்லை. பாறை, ஓடை, வேர், சேறு என்று சின்னச் சின்னப் பகுதிகளாகப் பாதையைப் பிரித்திருப்பார்கள். காலை ஊன்றாமல் ஒவ்வொன்றையும் கடக்க வேண்டும். கால் தரையில் பட்டால் அபராதப் புள்ளி. வண்டி நின்றுபோனாலோ, விழுந்தாலோ 5 புள்ளி. கடைசியில் யாரிடம் புள்ளி குறைவாக இருக்கிறதோ அவருக்கே வெற்றி.

இப்போது ஒரு காட்சியை யோசித்துப் பாருங்கள். முழங்கால் உயரப் பாறை. முன்சக்கரம் ஏறிவிட்டது. பின்சக்கரம் இன்னும் கீழே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது இன்ஜின். மொத்த எடையும் ஒரு நொடி இன்ஜினின் வயிற்றில்தான் உட்காரும். அந்த இடத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு முன்னே போனால் தப்பித்தோம். சிக்கிக்கொண்டு நின்றால் 5 புள்ளி போச்சு. இன்ஜின் உடைந்தால் போட்டியே போச்சு.

அதனால் டிரயல்ஸ் பைக்கில் அடித்தகடு என்பது கூடுதலாக மாட்டிக்கொள்கிற ஆக்சஸரி கிடையாது. டயர் மாதிரி அதுவும் ஓட்டுவதற்கான ஒரு உறுப்பு. ஸ்கேட்டிங் பலகை போல வழுக்கிச் செல்ல உதவுகிற பாகம்.

மொன்டேசா எனும் முதல் வீடு

புல்தோ பிறந்தது 1912-ல், வசதியான கட்டலான் குடும்பத்தில். சிறு வயதிலிருந்தே மோட்டார் மீது மோகம். பிஸ்டன் தயாரிக்கும் தொழில் கையில் இருந்ததால், இன்ஜினின் உள்பாகங்களை அவர் புத்தகத்தில் படித்து அறிந்துகொண்டவர் இல்லை. தினமும் தொட்டுப் பழகியவர்.

உள்நாட்டுப் போர் முடிந்த ஸ்பெயினில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. விறகையும் கரியையும் எரித்து வரும் வாயுவில் கார் ஓட்டிய காலம் அது. அந்த வாயுக் கருவிகளைத் தயாரித்துக்கொண்டிருந்த பெரே பெர்மன்யேர் என்பவரோடு புல்தோ கைகோத்தார். 1940-களின் நடுவில் இருவரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனிதான் மொன்டேசா. சின்ன டூ-ஸ்ட்ரோக் பைக்குகள், மலிவான விலை. காருக்கு வழியில்லாத ஒரு நாட்டில் வண்டிகள் நன்றாக விற்றன.

புல்தோவுக்கு விற்பனை மட்டும் போதவில்லை. ரேஸ் வேண்டும். அவரே ஓட்டினார், மற்றவர்களையும் ஓட்ட வைத்தார். 1956-ல் ஐல் ஆஃப் மேன் டிடி ரேஸில், 125 சிசி பிரிவில் மொன்டேசா வண்டிகள் 2, 3, 4 ஆகிய மூன்று இடங்களையும் பிடித்தன. முதலிடம் இத்தாலியின் கார்லோ உபியாலிக்கு. உலகின் மிக ஆபத்தான அந்த ரேஸில், ஒரு சின்ன ஸ்பானிஷ் கம்பெனிக்கு இது சாதாரண விஷயம் அல்ல.

இரண்டே வருடத்தில் பிரச்னை வெடித்தது. 1958-ல் பொருளாதார நெருக்கடி. செலவைக் குறைக்க ரேஸிலிருந்து விலகலாம் என்றார் பெர்மன்யேர். கணக்குப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் ரேஸில் ஜெயித்தால்தான் கடையில் வண்டி விற்கும் என்பது புல்தோவின் அசைக்க முடியாத நம்பிக்கை. அவர் கம்பெனியை விட்டே வெளியேறினார்.

பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம். மொன்டேசாவின் ரேஸ் பிரிவில் இருந்தவர்கள் புல்தோவைத் தேடி வந்தார்கள். புதிதாக ஒரு கம்பெனி தொடங்குங்கள், நாங்களும் வருகிறோம் என்று வற்புறுத்தினார்கள். முதலாளி வேலையாட்களைத் தேடுவதுதான் வழக்கம். இங்கே வேலையாட்கள் முதலாளியை இழுத்துவந்தார்கள். பார்சிலோனாவை ஒட்டிய சான்ட் அட்ரியா தெ பெசோஸில், புல்தோவுக்குச் சொந்தமான பழைய பண்ணைக் கட்டடத்தில் வேலை ஆரம்பமானது.

பெயர்? புல்தோ என்பதன் முதல் பாதியையும், ஃபிரான்சிஸ்கோவின் செல்லப் பெயரான பாகோவின் பின்பாதியையும் ஒட்டினார்கள். புல்தாகோ. லோகோவில் கட்டைவிரலை உயர்த்திய ஒரு கை இருக்கும். டேவிட் விட்வொர்த் என்ற பிரிட்டிஷ் ரேஸர், ஓட்டத்தின் நடுவே தன் குழுவைப் பார்த்து எல்லாம் ஓகே என்று காட்டிய சைகை அது. இன்று வாட்ஸ்அப்பில் தட்டுகிற தம்ஸ்-அப், அப்போதே ஒரு பெட்ரோல் டேங்கில் ஏறிவிட்டது!

முதல் மாடலான டிரால்யா 101, 1959 மார்ச்சில் வெளிவந்தது. அடுத்த சில வருடங்களில் ரோடு ரேஸ், மோட்டோகிராஸ் என்று புல்தாகோ கைவைக்காத பிரிவே இல்லை. ஒன்று மட்டும் பாக்கி இருந்தது.

பிரிட்டிஷ்காரர்களின் கோட்டை

அப்போது டிரயல்ஸ் முழுக்க முழுக்க பிரிட்டிஷ் விளையாட்டு. ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின், கனத்த இரும்பு ஃபிரேம், ஏரியல், ஏஜேஎஸ், மேட்ச்லெஸ், ராயல் என்ஃபீல்டு என்று பழம்பெரும் பெயர்கள். ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் ஊரைச் சுற்றி நடக்கும் ஆறு நாள் டிரயல்தான் இந்த விளையாட்டின் உச்சம். 1952-லும் 1957-லும் அதை ஜெயித்தவர் ஜானி பிரிட்டன். அவர் ஓட்டியது ராயல் என்ஃபீல்டு. ஆம், 1955 முதல் மெட்ராஸில் தயாராகத் தொடங்கிய அதே புல்லட்டின் குடும்பம்தான்.

1960-களின் தொடக்கத்தில் இந்தக் கோட்டையின் ராஜா வட அயர்லாந்துக்காரரான சாமி மில்லர். அவருடைய ஆயுதம் 500 சிசி ஏரியல். அந்த வண்டியிலிருந்து கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றி, மாற்ற முடிந்ததை எல்லாம் இலேசான பாகமாக மாற்றி எடையை 110 கிலோ அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். அதற்கு மேல் குறைக்க அந்த டிசைனில் இடமில்லை.

இங்கேதான் எடைக்கும் அடிபடுவதற்கும் உள்ள தொடர்பு வருகிறது. பாறையில் விழும்போது இன்ஜின் வாங்குகிற அடியை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வண்டி எவ்வளவு எடை, எவ்வளவு வேகத்தில் விழுகிறது. ரைடரின் திறமையால் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். எடை டிசைனர் கையில். 20 கிலோ குறைத்தால், தகட்டைத் தடிமனாக்காமலேயே ஒவ்வொரு அடியின் கடுமையும் குறையும். தகட்டைத் தடிமனாக்கிக்கொண்டே போனால் எடை கூடும், அடியும் கூடும், மறுபடி தகடு தடிமனாக வேண்டும். முடிவே இல்லாத சுற்று.

1964 இலையுதிர் காலத்தில் மில்லரை பார்சிலோனாவுக்கு வரவழைத்தார் புல்தோ. ஃபோர்-ஸ்ட்ரோக் ஏரியலின் மன்னனிடம், டூ-ஸ்ட்ரோக்கில் ஒரு டிரயல்ஸ் பைக் செய்து தரச் சொல்வது கிட்டத்தட்ட சைவ ஹோட்டல் மாஸ்டரிடம் பிரியாணி கேட்பது மாதிரி.

சோதனைக்களம் எது தெரியுமா? புல்தோவின் சான் அன்டோனியோ பண்ணை. அங்கிருந்த பாறை நிலத்தில் மில்லர் ஓட்டுவார், எங்கே முட்டுகிறது, எங்கே வழுக்குகிறது என்று பார்ப்பார், உடனே ஃபிரேமை வெட்டி ஒட்டி மாற்றுவார்கள், மறுபடி ஓட்டுவார். ஒரு புது மாடலுக்கு மாதக்கணக்கில் கமிட்டி போடுகிற கம்பெனிகளுக்கு நடுவில், 12 நாளில் வேலை முடிந்தது. முதலாளியின் வீட்டு வாசலே டெஸ்ட் டிராக், முதலாளியும் பைக் ஓட்டத் தெரிந்தவர் என்பதால்தான் இந்த வேகம் சாத்தியமானது. கையெழுத்துக்காக யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

பிறந்த வண்டியின் பெயர் ஷெர்பா டி. இமயமலையில் சுமை தூக்கிச் செல்லும் மக்களின் பெயர். டி என்பது டிரயலுக்கு. 244 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், 90 கிலோவை ஒட்டிய எடை.

இன்ஜினின் வயிற்றைக் காப்பது எப்படி?

டூ-ஸ்ட்ரோக்கில் அடிபடுவதற்குத் தனி பயம் உண்டு. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் அடியில் விரிசல் விழுந்தால் ஆயில் ஒழுகும். கொஞ்ச தூரமாவது உருட்டிவிடலாம். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை கிராங்க்கேஸ் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது கிராங்க்கேஸ் ஒரு பம்ப் மாதிரி அழுத்தி அந்தக் கலவையை மேலே தள்ளும். அந்த இடத்தில் மயிரிழை விரிசல் விழுந்தாலே வெளிக்காற்று உள்ளே வரும், கலவை கெடும், இன்ஜின் திணறி நின்றுவிடும். வார்ப்பு அலுமினியம் வளைந்து கொடுக்காது; நேரடியாக உடையும்.

ஆகவே தகட்டின் முதல் வேலை, கூர்மையான ஒரு புள்ளியில் விழும் அடியைப் பரவலாக்குவது. இரண்டாவது வேலை, அந்த விசையை இன்ஜினுக்குத் தராமல் ஃபிரேமுக்குக் கடத்துவது. இதற்காகத்தான் தகட்டை இன்ஜினில் மாட்டாமல் ஃபிரேமில் மாட்டுகிறார்கள். தகட்டுக்கும் இன்ஜினுக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் தகடு வளையும்போது இன்ஜினில் முட்டும். இடைவெளி அதிகமானால் சேறும் கல்லும் புகுந்து இறுகிக்கொள்ளும். அப்போது தகடு இருந்தும் இல்லாத மாதிரி. நடுவில் மாட்டிய கல்லே அடியை நேராக உள்ளே கொண்டுபோகும். அதனால் பலர் அந்த இடத்தில் ரப்பரோ ஃபோமோ வைக்கிறார்கள்.

போல்ட் தலைகூட முக்கியம். தகட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பாறை அதைத் தேய்த்தே தட்டையாக்கிவிடும், பிறகு ஸ்பேனர் பிடிக்காது. பள்ளத்துக்குள் அமுங்கிய மாதிரி போல்ட் மாட்டுவது இதற்காகத்தான்.

இன்னொரு வழி இன்ஜினையே மேலே தூக்கி வைப்பது. தரைக்கும் இன்ஜினுக்கும் இடைவெளி கூடும். பாறை படவே படாது. ஆனால் எடை மேலே போகப் போக வண்டி ஆடும். நின்ற நிலையில் பேலன்ஸ் செய்ய வேண்டிய விளையாட்டில் அது பெரிய இழப்பு. எவ்வளவு உயரம், எவ்வளவு தகடு என்ற கணக்கை பேப்பரில் போட முடியாது. பண்ணைப் பாறையில் 12 நாள் முட்டி மோதியதன் பயன் அங்கேதான்.

சஸ்பென்ஷன் விஷயத்தில் அந்தக் காலத்துக்கு ஒரு வசதி இருந்தது. பின்சக்கரத்தின் இருபுறமும் ஆளுக்கொன்றாக இரண்டு ஷாக் அப்சார்பர்கள். அடியிலிருந்து வரும் பாறைக்கு அவை எட்டாது. 1980-களில் ஒற்றை ஷாக்கும், அதை ஸ்விங் ஆர்முடன் இணைக்கும் லிங்கேஜும் வந்தபோதுதான் புதுத் தலைவலி ஆரம்பித்தது. லிங்கேஜ் என்பது சின்ன நெம்புகோல் தொகுதி. சக்கரம் ஏறி இறங்கும்போது தொடக்கத்தில் மென்மையாகவும், போகப் போகக் கடினமாகவும் ஷாக்கை அழுத்துகிறது. ஓட்ட அருமையாக இருக்கும். ஆனால் பல வண்டிகளில் அது இன்ஜினுக்குப் பின்னால், ஸ்விங் ஆர்முக்குக் கீழே தொங்குகிற இடத்தில் இருக்கிறது. மரக்கட்டை மேல் ஏறும்போது இன்ஜின் தகட்டில் வழுக்கித் தப்பித்துவிடும். அடுத்த நொடி லிங்கேஜ் போய் அந்தக் கட்டையில் கொக்கி மாதிரி மாட்டும். உள்ளே இருக்கிற ஊசி பேரிங்குகள் சின்னவை. அடி, தண்ணீர், மணல் மூன்றும் சேர்ந்தால் சீக்கிரம் காலி.

இதற்கு ஒரு தீர்வு, தகட்டை லிங்கேஜின் அடி வரை நீட்டுவது. உறுதியான பிளாஸ்டிக்கில் வருகிற தகடுகள் இதற்கு வசதி. உலோகத்தைவிட நன்றாக வழுக்கும், வளைந்து திரும்பும். இன்னொன்று, டிரயல்ஸ் பைக்குகளில் செய்வது போல லிங்கேஜை முடிந்தவரை மேலே ஏற்றி, இன்ஜினின் நிழலில் ஒளித்துவைப்பது. ஆஸ்திரியாவின் கேடிஎம் 1998-ல் தன் எண்டூரோ பைக்குகளில் லிங்கேஜையே தூக்கிவிட்டு ஷாக்கை நேராக ஸ்விங் ஆர்மில் மாட்டியது. உடைய அங்கே எதுவும் இல்லை என்பதும் ஒரு பாதுகாப்புதானே!

1965, ஃபோர்ட் வில்லியம்

அந்த வருட ஸ்காட்டிஷ் ஆறு நாள் டிரயலில் மில்லர் ஷெர்பாவோடு வந்து இறங்கினார். ஆறு நாள், மலை, மழை, ஈரப் பாறை. ஜெயித்தார். வெளிநாட்டு வண்டி ஒன்று அந்தப் போட்டியை வென்றது அதுவே முதல் முறை. டூ-ஸ்ட்ரோக் வென்றதும் அதுவே முதல் முறை. 1967, 1968-லும் அதே மில்லர், அதே புல்தாகோ. 1959-லிருந்து 1969 வரை தொடர்ந்து 11 முறை பிரிட்டிஷ் சாம்பியனாக இருந்த அவருடைய பின்பாதி வெற்றிகள் புல்தாகோ மேல் அமர்ந்து வந்தவை.

பிரிட்டிஷ் கம்பெனிகளின் கனத்த டிரயல்ஸ் பைக்குகள் சில வருடங்களிலேயே போட்டிக்களத்தில் பழங்கதை ஆகின. புல்தோ விட்டுவந்த மொன்டேசாவும், இன்னொரு பார்சிலோனா கம்பெனியான ஓசாவும் இதே பாணியில் டிரயல்ஸ் பைக் செய்ய ஆரம்பித்தன. 1975-ல் டிரயல்ஸுக்கு அதிகாரப்பூர்வ உலக சாம்பியன்ஷிப் தொடங்கியது. முதல் சாம்பியன் மார்ட்டின் லாம்ப்கின், புல்தாகோ. அடுத்த மூன்று வருடமும் ஃபின்லாந்தின் இர்யோ வெஸ்டரினென், புல்தாகோ. 1979-ல் அமெரிக்காவின் பெர்னி ஷ்ரைபர், அதுவும் புல்தாகோ. ஐந்துக்கு ஐந்து!

மற்ற பிரிவுகளிலும் சும்மா இல்லை. 1973-ல் ஸ்பெயினில் நடந்த 250 சிசி மோட்டோகிராஸ் கிராண்ட் பிரிக்ஸை ஜெயித்த ஜிம் பொமராய், மோட்டோகிராஸ் கிராண்ட் பிரிக்ஸ் ஒன்றை வென்ற முதல் அமெரிக்கர். ஓட்டியது புல்தாகோ பர்சாங். 50 சிசி ரோடு ரேஸில் ஏஞ்சல் நியெட்டோ 1976, 1977-லும், ரிகார்டோ டோர்மோ 1978-லும் புல்தாகோவில் உலக சாம்பியன் ஆனார்கள்.

தகடு காக்காத அடி

ஷ்ரைபர் உலக சாம்பியன் ஆன அதே 1979-ல் புல்தாகோ ஃபேக்டரியின் கதவு மூடப்பட்டது. நம்ப முடியவில்லைதான். ஆனால் காரணங்கள் பல வருடமாகவே சேர்ந்துகொண்டிருந்தன.

1975-ல் சர்வாதிகாரி ஃபிராங்கோ இறந்தார். அவர் ஆட்சியில் சுதந்திரமான தொழிற்சங்கங்களுக்கு அனுமதி கிடையாது. 1977-ல் சங்கங்கள் சட்டபூர்வமானதும், பல வருட மௌனம் ஸ்பெயின் முழுக்க வேலைநிறுத்தங்களாக வெடித்தது. புல்தாகோவும் தப்பவில்லை. ஒரு காலத்தில் வேலையாட்களே இழுத்துவந்து முதலாளியாக்கிய மனிதரின் ஃபேக்டரி வாசலில் போராட்டம். தொழிலாளர்கள் கேட்டது நியாயமற்றதும் அல்ல. அவ்வளவு காலம் கேட்கவே முடியாமல் இருந்தவர்கள் அவர்கள். இன்னொரு பக்கம், புல்தாகோவின் பெரிய சந்தையான அமெரிக்காவில் ஜப்பானிய கம்பெனிகள் டர்ட் பைக்குகளைக் குவித்துவிட்டன. உள்நாட்டில் மலிவான கார்கள் வந்து, வேலைக்குப் போக பைக் வாங்குகிறவர்கள் குறைந்துபோயிருந்தார்கள்.

இதில் புல்தோவின் பங்கும் இருக்கிறது. ரேஸ் ஜெயித்தால் விற்பனை வரும் என்ற அவருடைய நம்பிக்கை 1958-ல் சரியாக இருந்தது. 1978-ல் கம்பெனி உலகப் பட்டங்களை ஜெயித்தும் கணக்குப் புத்தகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. பெர்மன்யேர் இருபது வருடம் முன்பு போட்ட கணக்கு, வேறு வடிவில் திரும்பி வந்து நின்றது.

1980-ல் கதவு மறுபடி திறந்தது. 1981-ல் டோர்மோ இன்னொரு முறை 50 சிசி உலக சாம்பியன் ஆனார். 1983-ல் தயாரிப்பு முற்றிலுமாக நின்றது.

புல்தோ அதன் பிறகும் 15 வருடம் வாழ்ந்தார். 1998 ஆகஸ்ட்டில், 86 வயதில் காலமானார். அவருடைய மகள்வழிப் பேரன் செதே ஜிபெர்னாவ் அப்போது கிராண்ட் பிரிக்ஸ் ரேஸர். 2003, 2004 என இரண்டு வருடம் மோட்டோஜிபியில் வாலன்டினோ ரோஸியைத் துரத்தி இரண்டாம் இடம் பிடித்தவர் அவர்தான். அதைப் பார்க்கத் தாத்தா இல்லை.

செலவைக் குறைக்க ரேஸை விட்ட மொன்டேசா என்ன ஆனது என்று கேட்டால், அது பிழைத்துக்கொண்டது. 1980-களில் ஹோண்டா உள்ளே வந்து பின்னர் முழுமையாக எடுத்துக்கொண்டது. இன்றும் பார்சிலோனா பக்கத்தில் தயாராவது பெரும்பாலும் ஒரே வகை வண்டி: டிரயல்ஸ் பைக். அதில் ஏறி 2007-லிருந்து உலக சாம்பியன் பட்டங்களைக் குவித்துவருபவர், அதே கட்டலோனியாவைச் சேர்ந்த டோனி போ. அவர் ஆள் உயரப் பாறைமேல் வண்டியைத் தாவ வைக்கும் வீடியோவை அடுத்த முறை பார்க்கும்போது கொஞ்சம் ஸ்லோமோஷனில் வையுங்கள். பின்சக்கரம் ஏறுவதற்கு முன் பாறை விளிம்பில் ஒரு கணம் உட்கார்ந்து வழுக்கிப் போகிறதே, அது அடித்தகடு.